லெஃபு வந்தார்

லெஃபு மொஹாபி உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. மூன்று வருஷமாகக் காலையிலும் சாயங்காலமும் அவர் வீட்டுக்குப் போய்வருகிறேன். தேநீரை நின்றுகொண்டே குடிப்பார். தட்டில் களியும் கீரையும் போட்டுக் கொடுத்தால் அதைக் கையில் ஏந்தியபடி வாசலுக்கும் ஆட்டுப்பட்டிக்கும் நடந்துகொண்டே தின்பார். சர்ச்சில்கூடக் கடைசி பெஞ்சுக்குப் பின்னால் சுவரோரம் நிற்பார். "கால்ல சக்கரமா கட்டியிருக்கு, செத்த நேரம் உக்காருங்களேன்" என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன். "உக்காந்தா மூட்டு பிடிச்சுக்கும் மாதுசோ" என்பார். எல்லாம் சாக்கு. எழுபத்து நாலு வயதில் இந்த ஹா செகாமா மேடு முழுவதையும் ஒரே நாளில் இரண்டு சுற்று சுற்றுகிற ஆளுக்கு மூட்டுவலி எங்கிருந்து வரும்?

இப்படி ஓரிடத்தில் நிலைகொள்ளாத ஆள் என்பதால்தான் இந்த வம்பே வந்தது. தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டார். அதுவும் ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பெரிய தியாகி என்று நினைத்துக்கொள்வீர்கள். படுக்கையில் விழுந்த பெரியவர்களைக் கவனித்துக்கொள்ள எங்கள் கிராமத்தில் ஆள் வேண்டும் என்று கிளினிக்கில் கேட்டார்கள். போனேன். பத்து நாள் பயிற்சி கொடுத்து, ஒரு பையும் ஒரு பெட்டி கையுறையும் கையில் திணித்தார்கள். சம்பளம் என்ன என்றேன். சேவை என்றார்கள். சேவையை அடுப்பில் ஏற்றினால் வேகுமா? அதனால் முடிந்த வீட்டுக்காரர்கள் முடிந்ததைக் கொடுப்பார்கள், நானும் வெட்கப்படாமல் வாங்கிக்கொள்வேன். பட்டணத்தில் துணி ஆலையில் வேலை செய்யும் என் தங்கை, "கிழடுகளைத் தூக்கிப் போட்டு உன் இடுப்பு ஒடியுறதுதான் மிச்சம், இங்க வாடி" என்று வாரா வாரம் கூப்பிடுகிறாள். ஒரு காலை அந்தப் பக்கம் வைத்துக்கொண்டுதான் நானும் இருந்தேன்.

லெஃபுவின் மனைவி மாகெனேவே அம்மாவுக்கு மூன்று வருஷத்துக்கு முன் வாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சில் பாதி போய்விட்டது. நல்ல கனமான உடம்பு. காலையில் தூக்கி உட்காரவைக்க, கழுவிவிட, துணி மாற்ற, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் புரட்டிப் போட, ஒருவரால் ஆகாது. அவர் தோள் பக்கம் பிடிப்பார், நான் கால் பக்கம். "ஒண்ணு, ரெண்டு, ஹோ" என்பார். சுரங்கத்தில் தண்டவாளம் தூக்கிய பழக்கம். அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிடும், பாதி வாய்ச் சிரிப்பு. மூன்று வருஷத்தில் அவள் முதுகில் ஒரு புண் வந்ததில்லை. அதைப் பெருமையாகவே சொல்கிறேன்.

எழுபது முடிந்தவர்களுக்கு அரசாங்கம் மாதாமாதம் கொடுக்கிற ஓய்வுப் பணம்தான் அந்த வீட்டை நிறுத்தி வைத்திருந்தது. அம்மாவின் மாத்திரை, சோப்பு, மாவு, எனக்குரியது, எல்லாம் அதிலிருந்துதான். அம்மாவுக்கு அறுபத்தாறுதான், அவளுக்குக் கிடைக்க இன்னும் நாலு வருஷம் இருக்கிறது. பணம் கொடுக்கிற வண்டி பள்ளிக்கூட மைதானத்துக்கு வரும் நாளில் ஊரில் கல்யாணக் களை வந்துவிடும். பெரியவர்கள் நல்ல கம்பளியாகப் பார்த்துப் போர்த்திக்கொண்டு, காலி பெயின்ட் டின்களைக் கவிழ்த்துப்போட்டு வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். லெஃபு மட்டும் தன் டின்னை வரிசையில் வைத்துவிட்டு மைதானத்தைச் சுற்றிக்கொண்டிருப்பார்.

அவர் பெயரைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. எங்கள் பேச்சில் லெஃபு என்றால் சாவு. அவருக்கு முன்னால் அவர் அம்மாவுக்கு மூன்று குழந்தைகள் பிறந்து, மூன்றும் தவழும் முன்பே போய்விட்டன. நாலாவதற்கு இந்தப் பெயரை வைத்தாள். தன் பெயரையே வைத்துக்கொண்டிருக்கிற பிள்ளையைச் சாவு தொடாது என்று அவளுக்கு ஒரு கணக்கு. அப்படிப் பெயர் வைக்கிற வழக்கம் எங்களில் உண்டு. நாயின் வால் என்று பெயருள்ள ஒருவர் எங்கள் சர்ச்சில் உபதேசியாகவே இருந்தார். லெஃபுவின் அம்மா போட்ட கணக்கும் பலித்தது. பிள்ளை மலைமேட்டில் மாடு மேய்த்தான், பதினெட்டு வயதில் எல்லை தாண்டித் தங்கச் சுரங்கத்துக்குப் போனான்.

சுரங்கத்தில்தான் அந்தப் பெயரால் வம்பு வந்தது. முதல் நாள் ஆட்களை ஏற்றிய கூண்டு சுரங்கத்துக்குள் இறங்கப் போகும்போது மேஸ்திரி பட்டியலை வைத்துக்கொண்டு, "லெஃபு" என்று உரக்கக் கூப்பிட்டிருக்கிறான். கூண்டில் நின்ற எங்கள் ஊர்க்காரர்கள் பதினோரு பேரும் வெளியே குதித்துவிட்டார்கள். அன்று சாயங்காலமே அவருடைய ஞானஸ்நானப் பெயரைத் தேடிப் பிடித்து, அட்டையில் பெட்ரோஸே மொஹாபி என்று எழுதிவிட்டார்கள். அதிலிருந்து காகிதங்களில் எல்லாம் பெட்ரோஸே, ஊரில் லெஃபு. முன்பின் தெரியாத ஆபீசில் தன் சொந்தப் பெயரை அவர் சொல்வதே இல்லை. கூண்டிலிருந்து குதித்தவர்களை அவர் மறக்கவில்லை.

தெரிந்தவர்களிடம் மட்டும் விளையாடுவார். யார் வீட்டுக் கதவையாவது தட்டுவார். "யாரு?" என்று உள்ளேயிருந்து கேட்டால், கரகரத்த குரலில், "லெஃபு" என்பார். உள்ளே சத்தம் அடங்கிப்போகும். பிறகு, "வந்திருக்காருங்க. வந்திருக்குன்னு நான் சொல்லலியே" என்று சிரிப்பார். எங்கள் பேச்சில் ஆள் என்றால் 'வந்தார்', சாவு என்றால் 'வந்தது'. அந்த ஒரு வாலில்தான் மனுஷனும் சாவும் வேறு வேறு. பெண் கேட்கப் போன இடத்திலும் இதே விளையாட்டைக் காட்டி மாமனாரிடம் திட்டு வாங்கியிருக்கிறார்.

ஆனால் கல்யாணம் ஆகி வந்த நாளே மாமியார் மருமகளைக் கூப்பிட்டு உட்காரவைத்து, "இந்தப் பேரு உன் வாயில வரக்கூடாது" என்று சொல்லிவிட்டாள். எங்கள் பக்கத்து மருமகள்கள் இதில் கெட்டி; பெயரை மட்டுமல்ல, அந்தச் சொல்லையே விட்டுவிடுவார்கள். மாகெனேவே அம்மா நாற்பத்தாறு வருஷமாகப் புருஷனை 'கெனேவே அப்பா' என்றுதான் கூப்பிட்டாள், மூத்த மகள் கெனேவேயின் பெயரை வைத்து. ஊரில் யார் இறந்தாலும் 'கிளம்பிட்டாங்க' என்பாள். தன் தாய் இறந்த அன்றுகூட, "எங்கம்மா கிளம்பிட்டா" என்றுதான் அழுதாளாம். பேச்சு பாதி போன பிறகும் மிச்சமிருந்த பாதியில் அந்தச் சொல் வரவில்லை.

இனி நடந்ததைக் கேளுங்கள்.

ஜனவரியில் வண்டி வந்தபோது பட்டியலில் மொஹாபி என்பதை மொஹாபே என்று தப்பாக அடித்திருந்தார்கள். வண்டியில் இருந்த பையன், "ஒரு எழுத்துதான் அய்யா. உங்க ஊர்த் தலைவி கிட்ட ஒரு சீட்டு வாங்கி, எப்பவாவது பட்டணம் போறப்ப ஆபீஸ்ல குடுத்துடுங்க. அவசரமில்ல" என்றான். அவசரமில்லை என்கிற வார்த்தை இந்த மனுஷன் காதில் ஏறுமா? மறுநாள் கோழி கூவ எங்கள் தலைவியின் வாசலில் நிற்கிறார். தலைவியின் எழுத்தர் மொலெஃபி, ஒரு சொல்லில் முடிகிறதை இரண்டு சொல்லில் எழுதினால் மை வீணாகிறது என்று நினைக்கிறவன். இவரும் தடியைத் தரையில் தட்டித் தட்டி, "சீக்கிரம், பட்டண வேன் போயிடும்" என்று அவசரப்படுத்தினார். அவன் ஒரு துண்டுக் காகிதத்தில், 'லெஃபு மொஹாபி, ஹா செகாமா' என்று எழுதி, தேதி போட்டு, முத்திரை குத்திக் கொடுத்தான். அதில் 'வந்தார்' இல்லை, 'வந்தது' இல்லை, வினைச்சொல் என்று ஒன்றுமே இல்லை.

அதே மாதிரி துண்டுக் காகிதத்தில்தான், அதே முத்திரையோடுதான், ஊரில் இறந்தவர்களின் பெயரைத் தலைவி ஆபீசுக்கு அனுப்புவாள். முதலில் லெஃபு என்று எழுதி, பக்கத்தில் ஆள் பெயர். இது எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் நான் ஏன் இதை எழுதிக்கொண்டிருக்கப் போகிறேன்?

அன்று சாயங்காலம் பட்டணத்திலிருந்து திரும்பி வந்தவர் ரொம்பச் சந்தோஷமாக இருந்தார். அம்மாவின் கட்டிலைச் சுற்றி நடந்துகொண்டே கதை சொன்னார்.

"ஆபீஸ்ல ஒரு பொண்ணு இருக்கா, தங்கமான பொண்ணு. சீட்டைப் பாத்ததும் எந்திரிச்சு நின்னுட்டா. 'மனசைத் தேத்திக்குங்க அய்யா'ன்னா. நீ படுத்துக் கிடக்கிறது அவளுக்கு எப்படித் தெரிஞ்சுதோ போ."

"நீங்க என்ன சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"என்ன சொல்றது? 'எல்லாம் ஆண்டவன் விட்ட வழி தாயி'ன்னேன். தண்ணி குடுத்தா, குடிச்சேன், வந்துட்டேன்."

தன் சாவுச் செய்தியைத் தானே கொண்டுபோய்க் கொடுத்து, அதற்கு ஆறுதலும் வாங்கிக்கொண்டு வந்த ஆள் உலகத்திலேயே இவர் ஒருவராகத்தான் இருப்பார்.

பிப்ரவரி வண்டியில் அவர் பெயர் இல்லை. "எழுத்தை மாத்துறாங்க போல, அடுத்த மாசம் வந்துடும்" என்றான் பையன். மார்ச்சிலும் இல்லை. நான் பழைய மாவிலேயே ஓட்டினேன். மாத்திரையைக் கிளினிக் நர்ஸ் ஒரு மாதத்துக்குக் கடனாகக் கொடுத்தாள். ஏப்ரலில் வண்டி வந்து போன மறுநாள் பட்டணத்துக்கு ஓடினார். அந்தத் தங்கமான பெண் பிரசவத்துக்குப் போயிருந்தாள். அவள் இடத்தில் ஒரு ஆள்.

"பெட்ரோஸே மொஹாபி ஜனவரியிலயே இறந்துட்டாரு" என்றானாம் அவன்.

"யாரு சொன்னது?"

"உங்க தலைவி ஆபீஸ்தான் சொல்லியிருக்கு. சீட்டு இங்க இருக்கு. கொண்டுவந்து குடுத்தது அந்த வீட்டுப் பெரியவர் ஒருத்தர்னு குறிப்பும் இருக்கு."

"தம்பி, அந்தப் பெரியவன் நான்தான்."

"அப்ப இறந்தது யாரு?"

இவர் தன் அடையாள அட்டையை எடுத்துக் காட்டினார். அட்டையிலிருந்த படம் பதினைந்து வருஷத்துக்கு முந்தியது, அதில் தலையில் முடி இருந்தது. செத்தவர்களின் அட்டையைக் கொண்டுவந்து பணம் வாங்குகிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு, அவனும் எத்தனை பேரைப் பார்த்திருப்பான். "ஜனவரிச் சீட்டைப் பத்தி தலைவி கிட்டேயிருந்து விளக்கம் வாங்கிட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டான். சீட்டைக் கையில் கொடுக்கவும் இல்லை, படித்துக் காட்டவும் இல்லை.

வந்த வேகத்தில் மொலெஃபியைப் பிடித்தார். வேன் திரும்பிப் போகிற நேரம். இவர் ஒரு காலை வாசலுக்கு வெளியே வைத்துக்கொண்டு, "ஜனவரியில நீ குடுத்த சீட்டு தப்பாம்ப்பா. சரிதான்னு எழுதிக் குடு, சீக்கிரம்" என்கிறார். மொலெஃபிக்கு ரோஷம் வந்துவிட்டது. அவன் எழுதியதையா தப்பு என்கிறார்கள்? எழுதினான்: 'ஜனவரியில் அனுப்பிய சீட்டு சரியே. லெஃபு மொஹாபி உண்மை.' முத்திரையை இரண்டு தடவை குத்தினான். இவர் அதை அதே வேனில் கொண்டுபோய் ஆபீசில் கொடுத்துவிட்டார்.

அவ்வளவுதான். மே மாத ஆரம்பத்தில் தலைவிக்கு ஒரு கடிதம் வந்தது. இறந்தவர் பெயரில் யாரோ ஒருவர் பணம் கேட்டு வருவதாகத் தெரிகிறது. இருபத்திரண்டாம் தேதி வியாழக்கிழமை அதிகாரி ஒருவர் வீட்டுக்கு வந்து விசாரிப்பார். திருப்தியில்லை என்றால் பெயர் அடியோடு நீக்கப்படும். அப்படி நீக்கிவிட்டால் புது மனுப் போட்டுப் பெயர் ஏற வருஷக்கணக்காகும். தலைவி அதைப் படித்துவிட்டு மொலெஃபியைப் பார்த்தாள். மொலெஃபி, "நான் சரியாத்தானே எழுதினேன்" என்றான்.

அதற்குள் மகள் கெனேவேக்கு விஷயம் போய்விட்டது. எல்லைக்கு அந்தப் பக்கம் ப்ளூம்ஃபான்டெயினில் ஒரு வீட்டில் வேலை செய்கிறாள். ஞாயிற்றுக்கிழமை வந்து இறங்கினாள். மாவுப் பானையைத் திறந்து பார்த்தாள், மூடினாள்.

"அம்மாவ நான் கூட்டிட்டுப் போறேன்" என்றாள். "வியாழக்கிழமை சரியாச்சுன்னா சந்தோஷம். இல்லேன்னா சனிக்கிழமை வேனோட வரேன். மாதுசோ அக்காவையும் எத்தனை நாளைக்குச் சும்மா தூக்கச் சொல்றது?"

"என்னையும்தானே?" என்று கேட்டார் லெஃபு.

கெனேவே தரையைப் பார்த்தாள். "மொதலாளி வீட்டுக்குப் பின்னாடி ஒத்தை ரூம்ப்பா. ஒரு கட்டில்தான் கொள்ளும். உங்களுக்கு நடக்கக்கூட இடம் இருக்காது."

அவர் வெளியே போய் ஆட்டுப்பட்டிக் கல்லை எடுத்து அடுக்கினார். அடுக்கியதைப் பிரித்து மறுபடியும் அடுக்கினார். அம்மா கட்டிலிலிருந்து ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாற்பத்தாறு வருஷத்தில் பாதியை அவர் சுரங்கத்தில் கழித்தார், அவள் இங்கே காத்திருந்தாள். இருவரும் ஒன்றாக இருந்தது வயதான பிறகுதான். அதையும் இப்போது பிடுங்கப் போகிறார்கள். யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல் மொலெஃபியை இரண்டு நாள் கண்டபடி திட்டினேன்.

வியாழக்கிழமை வந்தது. புல்லெல்லாம் உறைபனி. விடியும் முன்பே அவர் முகம் கழுவி, சுரங்க நாள் கோட்டைப் போட்டு, அதன் மேல் நல்ல கம்பளியைப் போர்த்திக்கொண்டு நின்றார். இரண்டு பேருமாக அம்மாவைத் தூக்கித் தலையணை வைத்துச் சாய்த்து உட்காரவைத்தோம். அன்று அவர் "ஹோ" சொல்லவில்லை.

"உங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன்" என்றேன். "இன்னிக்கு ஒரு நாள் இந்த வாசப்படியத் தாண்டாதீங்க. அவங்க வரப்ப நீங்க இங்க இருக்கணும்."

"நான் எங்கம்மா போறேன்?" என்றார்.

எட்டு மணி. ஒன்பது மணி. வாசலுக்கும் கட்டிலுக்கும் நடக்கிறார். தடியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றுகிறார். பத்து மணிக்கு, "வழி தெரியாம நிக்கிறாங்களோ" என்றார். "தெரியும், உக்காருங்க" என்றேன். பத்தரைக்கு நான் குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனேன். போகாமல் இருந்திருக்கலாம்தான், ஆனால் வீட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. திரும்பி வந்தால் ஆள் இல்லை.

"எங்கம்மா அவரு?"

"பா... லம்" என்றாள் அம்மா.

தலையில் அடித்துக்கொண்டேன். கீழ் ரோட்டுப் பாலம் ஒரு மைல் தூரம். அதிகாரி கீழ் ரோட்டில்தான் வருவார் என்று இவராகவே முடிவுகட்டி எதிர்கொண்டு போயிருக்கிறார். நான் குடத்தை இறக்கக்கூட இல்லை, கிளினிக் பக்கமிருந்து மேல் பாதையில் வெள்ளைக் கார் ஒன்று வந்து வாசலில் நின்றது.

அதிகாரி சின்னப் பெண். பொன்ட்சோ என்று பெயர் சொன்னாள். பளபளவென்ற ஷூவில் உறைபனிச் சேறு ஒட்டியிருந்தது, அதைப் பார்த்து முகம் சுளித்துக்கொண்டே உள்ளே வந்தாள். கையில் ஃபைல்.

"பெட்ரோஸே மொஹாபின்னு சொல்றவரு எங்க?"

"வெளிய போயிருக்காரும்மா."

"எங்க?"

"உங்களைத் தேடித்தான்."

அவள் ஏதோ எழுதினாள். "விசாரிக்கப் போற வீட்லயெல்லாம் ஆள் வெளியதான் போயிருக்காரு" என்றாள். "நீங்க யாரு?"

சொன்னேன். எழுதினாள். "அப்ப அந்தப் பணத்துல உங்களுக்கும் பங்கு உண்டு."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. பீத்துணி துவைக்கிற கூலிக்குப் பங்கு என்று பெயரா? ஆனால் வாயைத் திறந்தால் கெட்டது அம்மாவுக்குத்தான். பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"சந்தேகப்படறதுக்குக் காரணம் இருக்கு" என்று ஃபைலைத் திறந்தாள். "உங்க தலைவி ஒரு தடவ இல்ல, ரெண்டு தடவ எழுதியிருக்காங்க. ஜனவரிச் சீட்டு, பாருங்க." விரலை வைத்துப் படித்தாள். "லெஃபு: மொஹாபி, ஹா செகாமா. ஏப்ரல்ல நாங்க விளக்கம் கேட்டதுக்கு: லெஃபு, மொஹாபி, உண்மை."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நாலு மாதமாக அந்த மனுஷனைத் தின்றுகொண்டிருந்தது என்ன என்று புரிந்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தொடைகளைத் தட்டிக்கொண்டு சிரித்தேன். அந்தப் பெண் எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்றே நினைத்திருப்பாள்.

"அது அவரு பேரும்மா. லெஃபுங்கிறது அவரு பேரு. லெஃபு மொஹாபி. பெட்ரோஸே சும்மா காகிதத்துக்கு."

அவள் சிரிக்கவில்லை. "இப்படிப் பேரு உண்டுன்னு எனக்கும் தெரியும்" என்றாள். "ஆனா நாலு மாசமா யாரும் இதைச் சொல்லலியே. ஆபீஸ்ல வந்து நின்ன அந்த ஆளும் சொல்லல. இப்ப நான் சீட்டைப் படிச்ச பிறகு நீங்க சொல்றீங்க. அட்டையில லெஃபு எங்க இருக்கு?"

அட்டையில் எங்கே இருக்கும்? நான் சொன்னதையே திருப்பித் திருப்பிச் சொன்னேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். "நீங்க பேசக்கூடாது. நீங்க சம்பளக்காரி. சம்சாரம் சொல்லட்டும், எழுதிக்கிறேன்."

கட்டிலருகே முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். குரலைத் தணித்துக்கொண்டாள், அந்த அளவுக்கு நல்ல பெண்தான்.

"அம்மா, உங்க வீட்டுக்காரர் இருக்காரா?"

அம்மா ஆமென்று தலையை ஆட்டினாள்.

"அவரு பேரு என்ன?"

"கெனே... வே அப்பா."

"அது மகள் பேரும்மா. கெனேவே அப்பான்னு யாரை வேணா காட்டலாம். ஊர்ல அவரை என்ன பேரு சொல்லிக் கூப்பிடுவாங்க? உங்க வாயால வரணும்."

அம்மாவின் உதடு அசைந்தது. நின்றது. என்னைப் பார்த்தாள். மாமியார் செத்து முப்பது வருஷமாகிறது, ஆனால் அந்தக் கிழவி அறைக்குள் நிற்பதுபோலவே அம்மா பயந்தாள். பேச வராமல் இல்லை. சொல் வாய்வரை வந்தும் வெளியே வரவில்லை. அவளுக்காக நான் சொல்லிவிட மாட்டேனா என்று என் நாக்கு துடித்தது. சொன்னால் எல்லாம் கெடும். கம்பளி நுனியை எடுத்து வாயில் வைத்துக்கொண்டேன்.

பொன்ட்சோ காத்திருந்தாள். ரொம்ப நேரம்தான் காத்திருந்தாள், பொய் சொல்லக்கூடாது. பிறகு பெருமூச்சுவிட்டு ஃபைலை மூடினாள். "சாயங்காலத்துக்குள்ள இன்னும் மூணு கிராமம் போகணும். பாத்தது, கேட்டதை எழுதி அனுப்பிடறேன்" என்று எழுந்தாள்.

போச்சு என்று நினைத்தேன். சனிக்கிழமை வேன் வரும். தோள் பக்கம் கெனேவே, கால் பக்கம் நான், கடைசித் தடவையாகத் தூக்கி வேனில் வைப்போம். அவர் வேன் பின்னாலேயே பாலம் வரை நடப்பார்.

அப்போது அம்மா தலையைத் திருப்பினாள். எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. மூன்று வருஷமாக அந்தக் கட்டிலில் படுத்துக்கொண்டு, கீழ்ப் பாதைக் கல்லில் அவர் தடி தட்டுவதை மட்டும் கேட்டுக் கேட்டுப் பழகிய காது அது. எத்தனை தூரத்தில் வருகிறார், வேகமாக வருகிறாரா, கோபமாக வருகிறாரா என்றெல்லாம் அவளுக்குத் தெரியும். இடது கையை ஊன்றிக்கொண்டு கழுத்தைத் தூக்கினாள்.

"லெஃபு" என்றாள்.

பொன்ட்சோ வாசலில் நின்றுவிட்டாள். அவளுக்கு முதலில் அது எப்படிக் கேட்டிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். படுக்கையில் கிடக்கிற ஒரு பெண், வாசலைப் பார்த்துக்கொண்டு அந்தச் சொல்லைச் சொல்கிறாள்.

அம்மா மூச்சு வாங்கினாள். பாதி வாயால் மிச்சத்தையும் தள்ளினாள்.

"லெஃபு... வந்தா... ரு."

வந்தது என்று சொல்லவில்லை. வந்தாரு என்றாள். நாக்கு எவ்வளவு குழறினாலும் அந்தக் கடைசி வாலை அவள் விடவில்லை. பொன்ட்சோ திரும்பி அம்மாவைப் பார்த்தாள். பிறகு கையிலிருந்த ஃபைலைத் திறந்து, ஜனவரிச் சீட்டை மறுபடியும் வாய்க்குள்ளேயே படித்தாள். இந்தத் தடவை ஆளின் பெயராக வைத்துப் படித்தாள். "அட கடவுளே" என்றாள்.

வாசலை அடைத்துக்கொண்டு அவர் நின்றார். முழங்கால் வரை சேறு. ஒரு மைல் ஓடிவந்த மூச்சு. கார் மேல் பாதையில் போனதைப் பாலத்திலிருந்து பார்த்துவிட்டு வயதை மறந்து ஓடிவந்திருக்கிறார். அதிகாரியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்க்கவில்லை. அவருக்கும் கேட்டிருந்தது.

"நீயா சொன்னே?" என்றார்.

அம்மா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள், நேற்றுக் கல்யாணமானவள் மாதிரி.

அவர் உள்ளே வந்தார். அதிகாரி போட்டிருந்த முக்காலி கட்டிலருகே இருந்தது. அதில் உட்கார்ந்தார். தடியைக் கீழே வைத்தார். நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

பொன்ட்சோ அவர் முன்னாலேயே தரையில் குந்தி, ஃபைலை மடியில் வைத்து எழுதினாள். விரலை மையில் தொட்டு வைக்கச் சொன்னாள். "பெட்ரோஸே லெஃபு மொஹாபின்னு முழுசா போட்டுட்டேன் அய்யா. உயிரோட இருக்கார்னும் போட்டுட்டேன். ஜூன் வண்டியில பேரு இருக்கும், விட்டுப்போன மாசமும் சேந்து வரும்" என்றாள். பிறகு என்னிடம், "கோவிச்சுக்காதீங்க அக்கா" என்றாள். கோபம் எனக்கு அவ்வளவு சீக்கிரம் போகாது, ஆனாலும் அவள் ஷூவைத் துடைக்க ஒரு துணி கொடுத்தேன். கெனேவேக்கு நானே ஃபோன் போட்டேன். சனிக்கிழமை வேன் வேண்டாம் என்றேன். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

கார் போன பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை. அம்மாவின் நல்ல கையைப் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி கெஞ்சிக்கொண்டிருந்தார்.

"இன்னொரு தரம் சொல்லேன். ஒரே ஒரு தரம். நாப்பத்தாறு வருஷத்துல ஒரு தரம்தானே கேட்டேன், அதுவும் தூரத்துலேருந்து."

அம்மா ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்தாள்.

"கெனேவே அப்பா... அந்த வார்த்தைய... இன்னொரு தரம்... என்னைச் சொல்ல... வைக்காதீங்க."

அவர் சிரித்துக்கொண்டே ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு அவள் சொன்னது அவருக்குப் புரிந்தது. எனக்கும் புரிந்தது. அந்தச் சொல்லை அவள் இன்னொரு தரம் சொல்லவேண்டி வந்தால், அது 'வந்தார்' என்று முடியாது. "சரி" என்றார். காலையில் வைத்த கஞ்சி அடுப்பில் ஆறிக் கிடந்தது, நான் அதைச் சுடவைக்கப் போனேன்.